ஃபெலனாப்சிஸா, டென்ட்ரோபியமா? ஒற்றை ஜன்னல் ஃபிளாட்டுக்கு ஏற்ற ஆர்க்கிட்

நர்சரியில் பூத்து நிற்கிற ஆர்க்கிட் செடியைப் பூவைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் அந்தப் பூ விரிந்தது குளிர்ச்சி கட்டுப்படுத்தப்பட்ட பசுமைக்குடிலில். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் அழகாக நிற்கும். அதற்குப் பின் வருஷக்கணக்கில் இலைதான். 'திரும்பப் பூக்கவே மாட்டேன் என்கிறதே' என்று உரத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். கோளாறு பெரும்பாலும் உரத்தில் இருக்காது, செடிக்கும் ஜன்னலுக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கும்.

சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களில், ஒரு ஜன்னல் திண்டோ நாலடி பால்கனியோ மட்டுமே இடமாகக் கிடைத்தவர்களை மனதில் வைத்து இந்த ஒப்பீடு. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

## வாங்கும் முன் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

ஒளி. கைப்பேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, செடியின் இலை வரப்போகும் இடத்தில், காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அளந்து பாருங்கள். செயலி அவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆனாலும் 4,000 லக்ஸுக்கும் 20,000 லக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும், நமக்குத் தேவை அவ்வளவுதான். கொசுவலை போட்ட ஜன்னல் என்றால் வலையை மூடியும் திறந்தும் இருமுறை அளக்க வேண்டும். வலை தின்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும்.

திசை விஷயத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களை நம்பினால் ஏமாற்றம்தான். 'தெற்கு ஜன்னலே சிறந்தது' என்பது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் எட்டிப் பார்க்காது. மார்கழி, தையிலோ அறைக்குள் வெகுதூரம் வந்து விழும். வருஷம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னல். மேற்கு ஜன்னலில் ஒளிக்குக் குறைவில்லை, ஆனால் 2 மணியிலிருந்து 5 மணி வரை இலையைச் சுட்டுவிடும். 50 சதவீத நிழல்வலை கட்டாமல் அங்கே எதையும் வைக்கக்கூடாது.

பகல் வெப்பம். பகலில் செடி நிற்கிற அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது ஒளிக்கு அடுத்தபடி முக்கியம். ஃபெலனாப்சிஸ் விஷயத்தில் இது ஒளியையும் மிஞ்சும்.

இடம். தொட்டியின் அகலத்தை அளந்தால் போதாது. இலையின் விரிவு, தண்டின் உயரம், தொங்கும் வேர் எல்லாம் கணக்கில் வரும். ஆறங்குலத் திண்டில் நாலங்குலத் தொட்டி உட்கார்ந்துவிடும்; அதன் இலை 45 சென்டிமீட்டர் விரிந்தால் ஜன்னல் கதவைச் சாத்த முடியாது.

தண்ணீர். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இல்லாவிட்டால், ஆர்.ஓ. இயந்திரத்தைப் பழுது பார்க்க வருபவரிடம் இருக்கும். 200க்குள் இருந்தால் எந்த ஆர்க்கிட்டும் தாங்கும். 500க்கு மேல் போகிற போர்வெல் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கிவிடும், இலை நுனி காய்வதும் அதன் அடையாளம். ஆர்.ஓ. கழிவுநீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருப்பதால் ஆர்க்கிட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

உங்கள் கை. தினமும் எதையாவது ஊற்றாவிட்டால் நிம்மதி இல்லை என்கிற ஆளா, பத்து நாள் மறந்துபோகிற ஆளா? செடியைக் கொல்வது பெரும்பாலும் முதல் வகைக் கைதான்.

## ஃபெலனாப்சிஸ்

சந்தையில் 'ஆர்க்கிட்' என்றாலே இதைத்தான் நீட்டுகிறார்கள். இதற்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் போதும், நேர் வெயில் ஆகாது. பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். பெரிய ரகத்தின் இலை விரிவு 40 முதல் 50 சென்டிமீட்டர். மினி ரகம் 20 முதல் 25க்குள் அடங்கும், சிறிய இடத்துக்கு அதுதான்.

சிக்கல் மறுபூப்பில். புதிய பூந்தண்டு கிளம்ப வேண்டுமானால் பல வாரம் தொடர்ந்து வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். 'ராத்திரி ஏசி அறையில் வையுங்கள், போதும்' என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. அது பாதி உண்மைகூட இல்லை. தண்டு விடுவதைத் தீர்மானிப்பது பகல் வெப்பம். பகலில் 29 டிகிரி இருந்தால் இரவில் 17க்கு இறக்கினாலும் தண்டு வராது என்பது சோதனைகளில் தெளிவான விஷயம். ஆகவே படுக்கையறையின் இரவு ஏசியை விட, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் பகல் ஏசி இந்தச் செடிக்கு உதவும். காற்று நேராக மேலே வீசாத மூலையாக இருக்க வேண்டும், வீசினால் மொட்டு மஞ்சளித்து உதிரும். பகல் ஏசி இல்லாத சென்னை வீட்டில் டிசம்பர், ஜனவரியை மட்டும் நம்ப வேண்டும். வந்தால் வரும்.

இன்னொரு மறைமுகச் செலவு தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கடைச் செடியின் வேர்நடுவில் நாற்றுக் காலத்துப் பாசி (ஈரம் பிடிக்கும் ஸ்பேக்னம் பாசி) உருண்டை ஒன்று இறுக்கமாக இருக்கும். வெளிப்பாசி காய்ந்திருக்க, அது மட்டும் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசி அடைமழையில் செடி அழுகத் தொடங்குவது அங்கிருந்துதான். பூ முடிந்ததும் மாற்றிவிடுங்கள்:

1. தொட்டியோடு அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, செடியை மெல்ல உருவி எடுங்கள்.
2. பாசி முழுவதையும் விரலால் பிரித்தெடுங்கள். நடு உருண்டையையும் விடாதீர்கள்.
3. வேரை லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். மேல்தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகியது. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, அதை வெட்டுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையலறை இலவங்கப்பட்டைத் தூள் தொடலாம். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும்.
4. துளைகள் உள்ள நாலங்குலக் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டு மூன்று பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு கலந்து நடுங்கள். மட்டைத் துண்டை முன்கூட்டியே ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் வேருக்குப் போகும்.
5. மூன்று நாள் தண்ணீர் காட்டாதீர்கள்.

பிறகு நாள் எண்ண வேண்டியதில்லை. வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, வெள்ளி நிறத்துக்கு வந்தால் ஊற்றலாம். இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். ஓர் இரவு தேங்கினாலே குருத்து அழுகலாம். இந்தச் செடிக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான், அது போனால் பெரும்பாலும் செடி போயிற்று.

## டென்ட்ரோபியம்

கடைகளில் சோனியா என்ற பெயரில் வரும் ஊதா-வெள்ளைப் பூவும் அதன் உறவுகளும் நம் வெப்பத்துக்கென்றே பிறந்தவை போல. மே மாதச் சூடு இவற்றுக்குத் தொந்தரவே இல்லை. தண்டு முற்றியதும் பூக்கும், வருஷத்தில் இரண்டு மூன்று முறைகூட. விலையும் பூத்த ஃபெலனாப்சிஸில் பாதிக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம்.

கேட்பது ஒளியை. 20,000 லக்ஸுக்கு மேல், காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். அறைக்குள் டீப்பாயில் வைத்தால் உயிரோடு இருக்கும், பூக்காது. இலை கரும்பச்சையாகப் பளபளத்தால் பார்க்க ஆரோக்கியம், உண்மையில் அது ஒளிப்பசி. லேசாக மஞ்சள் கலந்த பச்சைதான் பூக்கிற செடியின் நிறம்.

தொட்டி சிறியதாக இருப்பது இதற்கு நல்லது. ஐந்தாறு தண்டு உள்ள செடிக்கு ஐந்தங்குலத் தொட்டி போதும். 'வளரட்டுமே' என்று பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் தங்கி வேர் போகும். அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் சம பங்கு போட்டு, கோடையில் தினமும் காலையில், மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை தண்ணீர். 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம், வெறும் தண்ணீரால் வேரை நனைத்த பிறகு.

இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்ததென்று வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது செடியின் சேமிப்பு. சுருங்கினாலும் பச்சை இருக்கும்வரை புதுத்தண்டுக்குச் சோறு போடும், சில நேரம் அதன் நுனியிலிருந்தே பூவும் வரும். தண்டின் கணுவில் குட்டிச் செடிகள் வரிசையாக முளைத்தால் சந்தோஷப்படும் முன் அடிவேரைப் பாருங்கள். வேர் கெட்டுப்போன செடியும் அப்படிக் குட்டி போடும்.

இடப் பிரச்சினை உயரத்தில். தண்டு 45 முதல் 75 சென்டிமீட்டர் போகும், சிறிய தொட்டி தலைகனத்துச் சாயும். மண் தொட்டிக்குள் வைத்து, துணிநாடாவால் கிரில்லில் கட்டுங்கள். தண்டு இரும்பைத் தொடாமல் இருக்கட்டும், வெயிலில் கிரில் கொதிக்கும். குட்டை ரகங்கள் 25 முதல் 30 சென்டிமீட்டரில் நிற்பவை உண்டு, கேட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நோபிலே வகையும் இதே பெயரில் விற்கப்படுகிறது. அதற்குக் குளிர்காலம் வேண்டும், சமவெளியில் அநேகமாகப் பூக்காது. அடையாளம் எளிது: தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு கொத்தாகப் பூ இருந்தால் நோபிலே. தண்டின் உச்சியிலிருந்து நீண்ட காம்பு வளைந்து வந்து அதில் பூ வரிசை கட்டினால் நமக்கான வகை.

## இருட்டு ஃபிளாட்டுக்கு: லுடிசியா, பேஃபியோபெடிலம்

எதிர்க் கட்டடம் ஒளியை மறைக்கிற வீடுகள்தான் நகரத்தில் அதிகம். 3,000 முதல் 6,000 லக்ஸ் கிடைத்தால் லுடிசியா வளரும். கரும் மெரூன் இலையில் செப்பு நிறக் கோடுகள். அழகு இலையில்தான், வெள்ளைப் பூ சின்னது. தேங்காய் நார்க்கழிவு, இலைமக்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல்துகள்) கலந்த லேசான கலவையில் தரையோடு படரும். தண்டு ஒடிந்தால் ஈரப்பாசியில் செருகினால் வேர் பிடிக்கும். முதல் ஆர்க்கிட் வாங்குகிறவருக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

பேஃபியோபெடிலம் 8,000 முதல் 12,000 லக்ஸில் பூக்கும். ஒரு பூ ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். இலையில் புள்ளி, திட்டு உள்ள வகைதான் வெப்பம் தாங்கும். தண்ணீர் சேமிக்கும் தண்டு இல்லாததால் வேர் முழுக்கக் காயக்கூடாது, மறதிக்காரர்களுக்கு ஆகாது. ஒரு கிளைப்பு ஒருமுறைதான் பூக்கும், அடுத்த பூவுக்குப் புதுக்கிளைப்பு முற்ற வேண்டும். விலை அதிகம், விற்பவர்கள் குறைவு. நர்சரியில் வளர்த்த கலப்பினம்தானா என்று கேட்டே வாங்குங்கள். அகத்தியமலைக்கே உரிய ட்ரூரி இனம், சேகரிப்பாளர்கள் பெயர்த்தெடுத்ததாலேயே அழிவின் விளிம்புக்குப் போனது. இந்தப் பேரினம் முழுவதும், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது.

## நடுவில் நிற்பவை

மினி கேட்லியா: 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம், மூன்றங்குல மண் தொட்டி. டென்ட்ரோபியத்துக்கு உள்ள அதே ஒளி வேண்டும். பல ரகங்களில் நல்ல மணம். பூவின் ஆயுள் இரண்டு வாரம்தான், அதை ஏற்றுக்கொண்டால் ஜன்னல் திண்டுக்குக் கச்சிதம். இரண்டு தண்ணீருக்கு நடுவே கலவை முழுக்கக் காய வேண்டும்.

ஆன்சிடியம்: மஞ்சள் பாவாடைப் பெண்கள் ஆடுவது போன்ற பூ. பெரிய ரகங்கள் பால்கனிக்கே. ட்விங்கிள் என்ற சின்ன ரகம் வாசனையால் இழுக்கும், ஆனால் சென்னை மே மாதத்தில் துவண்டுபோகும். கோவைக்கும் பெங்களூருவுக்கும் பொருத்தம். புது இலை விசிறி மடிப்பாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

டொலும்னியா: உள்ளங்கைக்குள் அடங்கும், மரத்துண்டில் கட்டித் தொங்கவிடலாம், இடமே பிடிக்காது. காலையில் நனைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், இரவு ஈரத்தில் அழுகும். கிடைப்பதுதான் அரிது.

## வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

வாண்டாவின் பெயரே சமஸ்கிருத வந்தாகம் என்ற சொல்லிலிருந்து வந்தது, வாண்டா டெசலேட்டா நம் ஊர் மரங்களில் தானாக வளர்கிறது. வெப்பம் இதற்குப் பழக்கம்தான். ஆனால் கலவை எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று அடி வேர் காற்றில் தொங்க வேண்டும். அந்த வேர் பச்சையாகும்வரை தினமும் நனைக்க வேண்டும், கோடையில் இருமுறை. அறைக்குள் அது நடக்காது. பால்கனியில் நடக்கும், கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் சொட்டாதவரை. மொகாரா முழு வெயில் கேட்கும், மொட்டைமாடி இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். சிம்பிடியம் மலையூர்ச் செடி. சமவெளிக்கு வாங்குவது காசைக் கரைப்பது.

## ஒரே பார்வையில்

| செடி | ஒளி (லக்ஸ்) | இடம் | தண்ணீர் | சமவெளியில் மறுபூப்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| மினி ஃபெலனாப்சிஸ் | 10,000–15,000 | 25 செ.மீ. விரிவு | வேர் வெள்ளியானதும் | பகல் ஏசி இருந்தால் | பாசி மாற்றம், ஏசி |
| டென்ட்ரோபியம் | 20,000க்கு மேல் | 45–75 செ.மீ. உயரம் | கோடையில் தினமும் | எளிது | மூன்றாண்டில் பிரித்து நடல் |
| மினி கேட்லியா | 20,000–30,000 | 15–20 செ.மீ. உயரம் | காய்ந்தபின் | ஒளி இருந்தால் எளிது | குறுகிய பூக்காலம் |
| பேஃபியோபெடிலம் | 8,000–12,000 | 25–30 செ.மீ. விரிவு | எப்போதும் லேசான ஈரம் | சுமார் | செடியின் விலை |
| லுடிசியா | 3,000–6,000 | படரும், அகலத் தட்டு போதும் | மேல்கலவை காய்ந்ததும் | இலைக்காகவே | கிட்டத்தட்ட இல்லை |

## விளக்கு போட்டால் சரியாகிவிடுமா?

ஓரளவு. நாலடி நீள 20 வாட் எல்இடி பேட்டன் இரண்டை அருகருகே கட்டி, இலைக்கு 20 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டால் சுமார் 7,000, 8,000 லக்ஸ் கிடைக்கும். தினம் 12 மணி நேரம் எரித்தால், பகலில் சில மணி நேரமே வரும் ஜன்னல் ஒளிக்கு ஈடாகிவிடும். ஃபெலனாப்சிஸ், பேஃபியோபெடிலம், லுடிசியா மூன்றுக்கும் போதும். டென்ட்ரோபியத்துக்குப் போதாது. உயரமான செடிக்கு விளக்கை நெருங்கவைக்கவும் முடியாது: நுனிக்கு ஒளி, அடிக்கு இருட்டு. 40 வாட், 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 0.48 யூனிட், இரண்டு மாத பில்லில் 29 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டில் இந்த 29 அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடக்கூடும், பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

கிழக்கு ஜன்னலோ பால்கனிக் கம்பியோ இருந்து, காலை வெயில் மூன்று மணி நேரம் விழுகிறதா? டென்ட்ரோபியம், யோசிக்கவே வேண்டாம். அதே வெயில் இருந்து உயரத்துக்கு இடமில்லை என்றால் மினி கேட்லியா.

பகலில் ஏசி ஓடும் அறையில் வெளிச்சமான ஜன்னல் இருந்தால் மினி ஃபெலனாப்சிஸ். ஏசி இல்லை, ஆனாலும் அந்தப் பூதான் வேண்டும் என்பவர்கள் அதை மூன்று மாதப் பூங்கொத்தாக எண்ணி வாங்கலாம். வாரம் ஒருமுறை ரோஜாக் கொத்து வாங்குவதை விட மலிவுதான், குற்ற உணர்ச்சி தேவையில்லை. அதை வைக்கும் இடம் மட்டும் கவனம்: பழக்கூடையிலிருந்து வரும் எத்திலீன் வாயுவும், பூஜை அலமாரியின் ஊதுபத்திப் புகையும் மொட்டை உதிர்த்துவிடும்.

வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு லுடிசியா. அது ஒரு வருஷம் தாக்குப்பிடித்து, தினம் கவனிக்கிற பழக்கமும் வந்த பிறகு பேஃபியோபெடிலம் பக்கம் போகலாம்.

எதைத் தேர்ந்தாலும், கடையில் பூவை விட்டுவிட்டு இந்த மூன்றைப் பாருங்கள். தொட்டியின் அடித்துளை வழியே வேர் தெரிகிறதா, அது கெட்டியாக இருக்கிறதா? இலையின் அடிப்பக்கமும் கணுவிடுக்கும் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இல்லாமல் சுத்தமாக இருக்கின்றனவா? செடியைப் பிடித்து லேசாக ஆட்டினால் தொட்டியோடு சேர்ந்து ஆடுகிறதா, செடி மட்டும் தனியாக ஆடுகிறதா? தனியாக ஆடினால் உள்ளே வேர் இல்லை. எவ்வளவு பூ இருந்தாலும் வைத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததை இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளியே வைத்திருங்கள்.